அமெரிக்க அதிபர் விவாதங்களில் ஏன் எப்போதும் இரண்டே பேர்?

கேள்வி இதுதான்: அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்குச்சீட்டில் நாலைந்து பெயர்கள் இருக்கின்றன. தொலைக்காட்சி விவாத மேடையில் மட்டும் ஏன் ஏறக்குறைய எப்போதும் இரண்டு பேர்? மற்றவர்களைச் சட்டம் தடுக்கிறதா, அல்லது ஆதரவு இல்லாததால் அவர்கள் தாமாகவே விடுபட்டுப்போகிறார்களா?

இரண்டும் இல்லை. குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் மட்டும்தான் மேடை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் பழைய சட்டம் இதற்கு நேர்மாறாக இருந்தது. இன்றைய நிலை, அந்த இரண்டு கட்சிகளும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. போட்டியில் இருப்பவர்களே யார் போட்டியிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். இதில் எனக்குப் பெரிய குறையே அதுதான். அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தில் 315ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு வானொலி அல்லது தொலைக்காட்சி நிலையம் ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால், அதே பதவிக்கு நிற்கும் மற்ற எல்லோருக்கும் அதே வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனால் 1960இல் கென்னடியையும் நிக்சனையும் மட்டும் மேடையேற்ற நினைத்தபோது, அந்த ஒரு தேர்தலுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நிறுத்திவைத்தது. இன்றுவரை எல்லோரும் பெருமையாகப் பேசும் அந்த முதல் விவாதம், மற்ற வேட்பாளர்களின் உரிமையை ஓரமாக வைத்துவிட்டுத்தான் நடந்தது.

அடுத்த மூன்று தேர்தல்களில் விவாதமே இல்லை. 1968இல் ஜார்ஜ் வாலஸ் என்ற மூன்றாவது வேட்பாளர் பலமாக இருந்தார். இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். அவருடைய கொள்கை எனக்கு அருவருப்பானது. ஆனாலும் அவருக்கு 13.5 சதவீத வாக்கும், தென் மாநிலங்களில் 46 தேர்வாளர் வாக்குகளும் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகக் கணக்கிடும் வாக்குகள்; ஜெயிக்க 270 வேண்டும்) கிடைத்தன. முன்னணியில் இருந்த நிக்சனுக்கு மேடையேற விருப்பமே இல்லை. அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரி கேட்டும் நடக்கவில்லை.

கதவு திறந்தது 1975இல். வெளி அமைப்பு ஒன்று விவாதத்தை நடத்தி, தொலைக்காட்சி அதைச் செய்தியாகப் படம்பிடித்தால் சம வாய்ப்பு விதி பொருந்தாது என்று ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம் விளக்கம் கொடுத்தது. உடனே 1976இல் மகளிர் வாக்காளர் சங்கம் ஃபோர்டையும் கார்ட்டரையும் மேடையேற்றியது. சுயேச்சையாக நின்ற யூஜின் மெக்கார்த்தி வழக்குப் போட்டும் உள்ளே வர முடியவில்லை.

இந்தச் சங்கம் யாருக்கும் சொந்தமில்லாத அமைப்பு என்பது முக்கியம். 1980இல் அது ஒரு விதி வைத்தது: கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் இருந்தால் வரலாம். சுயேச்சை வேட்பாளர் ஜான் ஆண்டர்சன் அந்த அளவை எட்டினார். அவர் இருந்தால் வரமாட்டேன் என்று பதவியில் இருந்த அதிபர் கார்ட்டர் மறுத்தார். சங்கம் பணியவில்லை. செப்டம்பர் 21 அன்று பால்டிமோரில் ரீகனும் ஆண்டர்சனும் மட்டும் விவாதித்தார்கள். அதிபர் இல்லாமலே விவாதம் நடந்தது. அக்டோபரில் ஆண்டர்சனின் ஆதரவு 15க்குக் கீழே போன பிறகுதான் கார்ட்டரும் ரீகனும் தனியாகச் சந்தித்தார்கள். விதி நல்லதா கெட்டதா என்பது வேறு. ஆனால் யாருக்கு எது வசதி என்று பார்க்காமல் ஒருவர் விதியை நடைமுறைப்படுத்தினார் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் இதுதான் தெளிவான உதாரணம்.

இரண்டு கட்சிகளுக்கும் இது பிடிக்கவில்லை. 1987இல் குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் ஃபிராங்க் ஃபாரன்காப்பும் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவர் பால் கிர்க்கும் சேர்ந்து அதிபர் விவாத ஆணையத்தைத் தொடங்கினார்கள். அது அரசு அமைப்பு அல்ல, தனியார் அமைப்பு. பெருநிறுவனங்களின் நன்கொடையில் ஓடுவது. கட்சித் தலைவர்களாகப் பதவியில் இருந்துகொண்டே இருவரும் அதற்கும் இணைத் தலைவர்களானார்கள். மூன்றாம் கட்சியினரைச் சேர்க்க ஆணையம் விரும்பாது என்று ஃபாரன்காப் தொடக்க நாளின் செய்தியாளர் சந்திப்பிலேயே சொன்னார். ஒளிவுமறைவு எதுவும் இருக்கவில்லை.

மறு ஆண்டே மகளிர் வாக்காளர் சங்கம் விலகிக்கொண்டது. புஷ், டுகாகிஸ் இரு தரப்பும் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதி, கேள்வி கேட்பவர்கள், பார்வையாளர்கள், செய்தியாளர்களுக்கான இடம் என எல்லாவற்றையும் தீர்மானித்து, கையெழுத்துப் போடு என்று நீட்டின. வாக்காளர்களை ஏமாற்றும் வேலைக்கு உடந்தையாக இருக்க மாட்டோம் என்று 1988 அக்டோபரில் சங்கம் பகிரங்கமாக அறிவித்தது. அன்றிலிருந்து 2020 வரை நடந்த அதிபர் விவாதங்கள் அனைத்தும் கட்சிகள் உருவாக்கிய ஆணையத்தின் கையில்தான்.

இனி ராஸ் பெரோவின் கதை. நுழைவு விதி எப்படி வளைகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் இல்லை.

பெரோ டெக்சாஸைச் சேர்ந்த கோடீஸ்வரர். 1992 ஜூனில் கருத்துக்கணிப்பில் முதலிடத்தில் இருந்தார். ஜூலையில் திடீரென விலகினார். அக்டோபர் தொடக்கத்தில் திரும்பி வந்தார். அதற்குள் ஆதரவு சரிந்து 10 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஆனாலும் புஷ், கிளின்டன் இரு தரப்பும் அவரைச் சேர்க்கச் சம்மதித்தன, ஏனென்றால் அவர் அடுத்தவரின் வாக்கைப் பிரிப்பார் என்று இருவருமே கணக்குப் போட்டார்கள். மூன்று விவாதங்களிலும் பெரோ நின்றார். அரசின் பற்றாக்குறை, மெக்சிகோவுடனான வர்த்தக ஒப்பந்தத்தால் வேலை பறிபோகும் என்ற பயம், இரண்டையும் கோடிக்கணக்கானோர் முன்னால் போட்டு உடைத்தார். அந்த ஒப்பந்தத்தில் மற்ற இரண்டு வேட்பாளர்களுக்கும் அடிப்படையில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பெரோ இல்லாவிட்டால் அது சூடான விவாதமாகியே இருக்காது. கடைசியில் 18.9 சதவீத வாக்கு பெற்றார். சில வாரங்களில் கிட்டத்தட்ட இருமடங்கு.

நான்கு ஆண்டு கழித்து அதே பெரோ மீண்டும் நின்றார். முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்கின் அடிப்படையில் அரசே அவருக்குப் பிரச்சாரச் செலவுக்காக 2 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்தது. ஆணையம் மட்டும் அவரை உள்ளே விடவில்லை. வெற்றி பெற யதார்த்தமான வாய்ப்பு இல்லையாம். மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்கும் அளவுக்கு முக்கியமானவர், அந்த மக்கள் முன்னால் பேசும் அளவுக்கு முக்கியமானவர் இல்லை என்றார்கள். இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

உள்ளே நடந்தது என்ன என்பதைக் கிளின்டனின் ஆலோசகர் ஜார்ஜ் ஸ்டெஃபனோபுலோஸ் தேர்தலுக்குப் பிறகு ஹார்வர்டில் நடந்த கூட்டத்தில் சொல்லிவிட்டார். பின்தங்கியிருந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் டோல் தரப்புக்குப் பெரோ வெளியே இருந்தாக வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டால் போதும், விவாதத்தின் நாள், நேரம், நடத்துநர் எல்லாம் கிளின்டன் தரப்பு கேட்டபடி கிடைக்கும் என்ற நிலை. அப்படியே முடிந்தது. மூன்றுக்குப் பதில் இரண்டு விவாதங்கள்தான் நடந்தன. 1992இல் ஒவ்வொரு விவாதத்தையும் 6 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். 1996இன் இரண்டாவது விவாதத்தைப் பார்த்தவர்கள் சுமார் 3 கோடியே 60 லட்சம் பேர். பெரோவின் வாக்கு 8.4 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சரிவுக்கு விவாதம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பொருளாதாரம் நன்றாக இருந்ததும் சேர்ந்துதான். ஆனால் அவரை யார் வெளியே வைத்தார்கள், எதற்குப் பண்டமாற்றாக வைத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இந்த விமர்சனங்களுக்குப் பிறகு 2000 ஜனவரியில் ஆணையம் எழுத்தில் விதி கொண்டுவந்தது. அரசியல் சட்டப்படி தகுதி இருக்க வேண்டும். 270 தேர்வாளர் வாக்குகளுக்குப் போதுமான மாநிலங்களின் வாக்குச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும். ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியில் 15 சதவீதம் இருக்க வேண்டும். முதல் இரண்டிலும் எனக்குப் புகார் இல்லை. வாக்குச்சீட்டில் பெயர் வர 50 மாநிலங்களுக்கும் தனித்தனி விதி, வாக்காளர்களிடம் தனித்தனி கையெழுத்து வேட்டை. அதைத் தாண்டி வருவதே ஒரு கட்சியின் உழைப்புக்கும் அமைப்புக்கும் சான்று. சிக்கல் அந்த 15இல்தான். அந்த விதி வந்த நாளிலிருந்து மூன்றாவது ஆள் ஒருவர்கூட அதைத் தாண்டவில்லை.

15 சதவீதம் ஒன்றும் பெரிய எண் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் கருத்துக்கணிப்பு என்பது வேட்பாளரைத் தெரிந்தவர்கள் சொல்லும் பதில். நாட்டில் பாதிப்பேருக்குப் பெயரே தெரியாத ஒருவர் 15 வாங்க வேண்டுமென்றால், தெரிந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் அவரை ஆதரிக்க வேண்டும். பெயர் தெரிய வைக்க விளம்பரத்துக்குப் பெரும் பணம் வேண்டும், அல்லது செய்திகளில் இடம் வேண்டும். விவாதத்தில் இல்லாதவருக்குச் செய்தியில் இடம் கிடையாது. பல கணிப்புகள் முதல் கேள்வியில் இரண்டு பெயர்களைத்தான் சொல்லவே செய்கின்றன. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே சங்கதி.

விவாதம் உண்மையிலேயே அவ்வளவு மாற்றுமா என்று கேட்டால், மின்னசோட்டாவைப் பாருங்கள். 1998 ஆளுநர் தேர்தலில் சீர்திருத்தக் கட்சி சார்பில் முன்னாள் மல்யுத்த வீரர் ஜெசி வெஞ்சுரா நின்றார். செப்டம்பரில் அவருக்கு 10 சதவீதம்தான். அங்கே யாரும் 15 கேட்கவில்லை. மூன்று பேரையும் சேர்த்தே விவாதங்கள் நடந்தன. நவம்பரில் 37 சதவீதத்துடன் அவர் ஜெயித்துவிட்டார். 1968இல் தோற்ற ஹம்ஃப்ரியின் மகன்தான் அந்தத் தேர்தலில் மூன்றாமிடம். வாக்குப்பதிவு நாளன்றே பெயரைப் பதிவு செய்யலாம் என்ற மின்னசோட்டா விதியும் வெஞ்சுராவுக்கு உதவியது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தேசிய விதி அங்கே இருந்திருந்தால், ஆளுநராகப் போகிறவர் விவாத அரங்கத்துக்கு வெளியே நின்றிருப்பார்.

வெளியே நிற்பது என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. 2000 அக்டோபர் 3, பாஸ்டனில் முதல் விவாதம். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடரிடம் பக்கத்து அரங்கில் திரையில் பார்ப்பதற்கான நுழைவுச்சீட்டு இருந்தது. மேடை ஏறுவதற்கு அல்ல, பார்வையாளராக உட்காருவதற்கு. ஆணையத்தின் ஆளும் காவலர்களும் அவரை வாசலிலேயே திருப்பியனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டு, பிறகு அது சமரசத்தில் முடிந்தது. 2004இல் லிபர்ட்டேரியன் கட்சியின் மைக்கேல் பாட்னரிக்கும் பசுமைக் கட்சியின் டேவிட் காப்பும் செயின்ட் லூயிஸ் விவாதத்துக்கு வெளியே, காவல் தடுப்பைத் தாண்டியதற்காகக் கைதானார்கள். 2012 அக்டோபர் 16 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனும் அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஷெரி ஹான்கலாவும் கைதாகி, சுமார் எட்டு மணி நேரம் நாற்காலியோடு விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். ஸ்டைன் ஜெயிக்கத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளுக்கும் அதிகமான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் இருந்தவர். அந்த ஆண்டு அதிபர் வேட்பாளர்களின் மூன்று விவாதங்களிலும் காலநிலை மாற்றம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆளில்லா விமானத் தாக்குதல் பற்றிக் கேட்டபோது, ஒபாமா செய்வது சரி என்று ராம்னி முடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒத்துப்போகும் விஷயம் நாட்டுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேடையில் அது பேசப்படுவதில்லை; பார்வையாளர்கள் உண்மையில் இழப்பது அதைத்தான்.

நீதிமன்றம் என்ன செய்தது? பெரிதாக ஒன்றும் இல்லை. 1998இல் ஆர்கன்சா பொதுத் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது: கருத்தைப் பார்த்து ஒதுக்காமல், மக்கள் ஆதரவு இல்லை என்ற காரணத்தால் ஒரு வேட்பாளரை விவாதத்திலிருந்து விலக்கலாம். தனியார் ஆணையத்துக்கு இதைவிடவும் சுதந்திரம். ஒரே கட்டுப்பாடு ஃபெடரல் தேர்தல் ஆணையத்தின் விதி. விவாதம் நடத்தும் அமைப்பு எந்தக் கட்சியையும் ஆதரிக்கக் கூடாது, முன்கூட்டியே வகுத்த பாரபட்சமற்ற அளவுகோல் இருக்க வேண்டும், பெரிய கட்சியின் வேட்பாளர் என்பதை மட்டுமே தகுதியாக வைக்கக் கூடாது என்கிறது அது. இதை வைத்துத்தான் பல வழக்குகள் வந்தன. புகாரைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்று 2017இல் நீதிபதி டான்யா சட்கன் தேர்தல் ஆணையத்தைக் கண்டித்தது நம்பிக்கை தந்தது. ஆனால் தேர்தல் ஆணையம் மீண்டும் அதே முடிவையே எடுக்க, இம்முறை நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது; 2020இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. அந்தத் தேர்தல் ஆணையத்தின் உறுப்பினர்கள் ஆறு பேர், ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நடைமுறையில் அங்கேயும் அதே இரண்டு கட்சிகள்.

சரி, எதிர்த்தரப்பு வாதத்தையும் பார்க்க வேண்டும், அதில் உண்மை இருக்கிறது. அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதாக நூற்றுக்கணக்கானோர் பதிவு செய்கிறார்கள்; எல்லோரையும் ஏற்ற முடியாது. உண்மையில் அதிபராகப் போகிற இருவரை மக்கள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அவர்கள் நேரத்தை வெல்ல வாய்ப்பில்லாதவர் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். பிரான்ஸில் 2017 ஏப்ரல் 4 அன்று பதினொரு வேட்பாளர்களையும் ஒரே மேடையில் நிறுத்தினார்கள். ஆழமாக எதையும் பேச முடியவில்லை என்பது நியாயமான குறை. அங்கே இரண்டாம் சுற்று இருப்பதால் கடைசியில் இருவர் மட்டும் மோதும் விவாதமும் நடக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒரே சுற்று, முதலில் வருபவருக்கே மாநிலத்தின் மொத்த தேர்வாளர் வாக்கும். பெரோ நாடு முழுவதும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கியும் ஒரு தேர்வாளர் வாக்குகூடக் கிடைக்கவில்லை. 2000இல் ஃபுளோரிடாவை ஜனநாயகக் கட்சி வெறும் 537 வாக்கில் இழந்தபோது அங்கே நேடர் வாங்கியிருந்தது 97,000க்கு மேல். அந்தக் காயம் ஜனநாயகக் கட்சியினருக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வாதங்கள் ஓர் அளவுகோல் வேண்டும் என்பதைத்தான் நிரூபிக்கின்றன, அது 15ஆக இருக்க வேண்டும் என்பதை அல்ல. 2016இல் 270 நிபந்தனையைத் தாண்டியவர்கள் மொத்தமே நான்கு பேர்: ஹிலரி கிளின்டன், டிரம்ப், லிபர்ட்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன், ஜில் ஸ்டைன். நான்கு பேர் ஒரு மேடைக்கு அதிகமா? அதே கட்சிகள் தங்கள் உள்கட்சித் தேர்வில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். 2015 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி பிரதான மேடையில் பத்துப் பேரை நிறுத்தியது. மீதி ஏழு பேருக்கு அன்றைக்கே தனி விவாதம். 2019 ஜூனில் ஜனநாயகக் கட்சி இரண்டு இரவுகளில் இருபது பேரை மேடையேற்றியது. மூன்று கணிப்புகளில் 1 சதவீதம், அல்லது 65,000 நன்கொடையாளர்கள் இருந்தால் போதும் என்றது. தன் வீட்டுக்குள் 1 சதவீதம் போதும், வெளியாளுக்கு மட்டும் 15 வேண்டும் என்பதற்கு நேர்மையான விளக்கம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

மேடையேற்றுவது என்பது அந்த வேட்பாளருக்குச் செய்யும் சலுகையும் இல்லை. 1992இல் பெரோவின் துணை அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் தன் விவாதத்தில் தடுமாறியது அந்த அணிக்குக் கேடாகவே முடிந்தது. 2016 செப்டம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சிரியாவின் அலெப்போ நகரம் என்னவென்றே கேரி ஜான்சனுக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்டவரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேள்வி கேட்டால் அவருக்கு வாக்குக் கூடுமா குறையுமா என்பதை வாக்காளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

2024இல் நிலைமை இன்னும் இறுகிவிட்டது. குடியரசுக் கட்சி 2022இலேயே ஆணையத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. 2024 மே மாதம் பைடன் தரப்பும் ஆணையத்தை ஒதுக்கி, மூன்றாவது ஆள் இல்லாத நேருக்கு நேர் விவாதமே வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டது. ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் சிஎன்என் நடத்திய விவாதத்துக்கு நான்கு கணிப்புகளில் 15 சதவீதமும், 270க்குப் போதுமான மாநிலங்களில் வாக்குச்சீட்டும் தேவைப்பட்டன. சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியருக்கு மூன்று கணிப்புகளில்தான் 15 இருந்தது. வாக்குச்சீட்டு நிபந்தனையும் அந்த நேரத்துக்குள் நிறைவேறவில்லை. ஜூன் மாதத்தில் விவாதம் வைத்தால் பல மாநிலங்களில் கையெழுத்துப் படிவம் சரிபார்த்தே முடிந்திருக்காது. அவர் தனியாக இணையத்தில் உட்கார்ந்து அதே கேள்விகளுக்குப் பதில் சொன்னார். தடுப்பூசி பற்றி அவர் சொல்வதை நான் ஆபத்தானதாகவே பார்க்கிறேன். ஆனாலும் அவரை விலக்கிய விதமும் தவறுதான் என்கிறேன். பழைய ஆணையத்திடம் குறைந்தபட்சம் பல மாதங்களுக்கு முன்பே அச்சிட்ட விதி இருந்தது. இப்போது அதுவும் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் இரண்டு பிரச்சாரக் குழுக்களுக்கும் இடையிலான பேரமாகிவிட்டது.

என்னிடம் கேட்டால், 270 நிபந்தனையை அப்படியே வைத்துவிட்டு, கணிப்பு எண்ணைப் படிப்படியாக ஏற்றுவேன்: முதல் விவாதத்துக்கு 5, இரண்டாவதுக்கு 10, மூன்றாவதுக்கு 15. ஐந்து என்பது நானாகப் பிடித்த எண் அல்ல. பொதுத்தேர்தலில் 5 சதவீதம் வாங்கிய கட்சிக்கு அடுத்த முறை அரசு நிதி உண்டு என்று சட்டமே ஏற்கெனவே வைத்திருக்கும் எல்லை அது. எல்லாக் கணிப்புகளிலும் 270 தாண்டியவர்களின் பெயர்களைச் சொல்லியே கேட்க வேண்டும். விவாதம் நடத்துபவர்கள் கட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது. இந்தக் கணக்கில் 2016இல் 3 சதவீதத்தை ஒட்டியிருந்த ஸ்டைனுக்கு இடம் கிடைத்திருக்காது. சுமார் 8 சதவீதம் இருந்த ஜான்சன் முதல் இரவு கிளின்டனுக்கும் டிரம்ப்புக்கும் பக்கத்தில், 8 கோடிக்கு மேற்பட்டோர் பார்க்க நின்றிருப்பார். இரண்டாவது விவாதத்துக்கு அவர் 10ஐ எட்டுவாரா என்பதை அன்றைய அவருடைய பேச்சே தீர்மானித்திருக்கும்.